மோப்ப நாய் ஏன் மெயின் ரோட்டில் நின்றுவிடுகிறது?

21 ஜூன் 2025, இரவு: திருச்சி வாசகரின் கேள்வி

"மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அது வீட்டிலிருந்து சிறிது தூரம் ஓடிச் சென்று மெயின் ரோட்டில் நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை." எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய காலத்திலிருந்து நான் பார்க்கும் எல்லாத் திருட்டுச் செய்திகளிலும் கடைசிப் பத்தி இதுதான். ஊர் மாறுகிறது, பவுன் கணக்கு மாறுகிறது, நாயின் பெயர்கூட மாறுகிறது. மெயின் ரோடு மட்டும் மாறவில்லை. இந்த நாய்கள் எங்காவது யாரையாவது உண்மையில் கண்டுபிடித்திருக்கின்றனவா? அல்லது ஊர் வாயை அடைக்க நடத்தும் வேடிக்கையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

22 ஜூன், காலை

நான் போலீஸ்காரன் அல்ல. கோவைக்கு மேற்கே தொண்டாமுத்தூர்ப் பக்கம் எங்கள் தோட்டம். துப்பறியும் நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கிறார். அவரை இங்கே ஐயா என்றே எழுதுகிறேன். அவரிடம் கேட்டுக் கேட்டு என் இரண்டு நாய்களையும் தடம் பிடிக்கப் பழக்கி வருகிறேன். பூரணி, லாப்ரடார். செவலை, குட்டியில் எங்கள் வாய்க்காலோரம் யாரோ விட்டுப்போன நாட்டு நாய். என் தகுதி அவ்வளவுதான்.

இனி கேள்விக்கு வருகிறேன். மெயின் ரோட்டில் நிற்பது தோல்வி என்று யார் சொன்னது? திருடியவன் ரோடு வரை நடந்து வந்து அங்கே வண்டி ஏறியிருந்தால், நாய் அங்கேதான் நிற்க வேண்டும். நடந்த தடம் அங்கே முடிந்துவிட்டது. இன்ன சந்து வழியாக வந்தான், இன்ன இடத்தில் வண்டி ஏறினான் என்று அது சொல்லிவிட்டது. எந்தக் கடையின் கேமராவைப் பார்க்க வேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். அதைப் பத்திரிகை "யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை" என்று முடித்துவிடுகிறது.

அடுத்து, நாய் வந்து சேரும்போது அந்த வீடு எந்த நிலையில் இருக்கிறது என்று யோசியுங்கள். விடிந்ததும் வீட்டுக்காரர் அலறுகிறார். அக்கம்பக்கத்தார் உள்ளே வருகிறார்கள், சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், பீட் போலீஸ் வருகிறார், கைரேகைக்காரர் வருகிறார். கல்யாண வீட்டுக் கூட்டம் போன பிறகு கடைசியாக நாய் வேன் வருகிறது. ஐயா சொன்ன ஒரு வழக்கில் திருடன் துண்டை விட்டுப் போயிருக்கிறான். நாய்க்கு அதைவிட நல்ல தடயம் கிடையாது. ஐயா போய்ச் சேர்வதற்குள் அந்த வீட்டுப் பெரியம்மா அதை எடுத்து, உதறி, மடித்து, மேசைமேல் வைத்துவிட்டார். "போலீஸ் வருகிறார்கள், வீடு அலங்கோலமாக இருக்கக் கூடாதே" என்றாராம்.

22 ஜூன், மாலை

திருடன் மிளகாய்ப்பொடி தூவிவிட்டுப் போனால் நாய் என்ன செய்யும் என்று கேட்டவருக்கு: பொடி தூவினால் நாய் தும்மும், கண்ணைத் தேய்க்கும், கொஞ்ச நேரம் வேலை கெடும். கையாளுபவர் விவரமானவராக இருந்தால் அந்த இடத்தை விட்டு நாயை வெளியே கொண்டுபோய், ஒரு பெரிய வட்டம் அடித்து, பொடிக்கு அப்பால் தடத்தை மறுபடி எடுக்க வைப்பார். திருடன் கால் கிலோ பொடியை ஊரெல்லைவரை தூவிக்கொண்டே போக முடியாது.

24 ஜூன்

"நாய் ஆளின் வாடையைத்தான் பிடிக்கிறதா? மழை பெய்த பிறகும் எப்படி?" என்ற கேள்வி வந்திருக்கிறது. இது ஒரு வரியில் முடிகிற விஷயம் இல்லை.

ஒரு மனிதன் நடந்து போனால் இரண்டு விதமான வாடை விழுகிறது. ஒன்று அவனுடையது: உதிர்ந்துகொண்டே இருக்கும் தோல் துகள், வியர்வை, அதில் வாழும் நுண்ணுயிர். இன்னொன்று தரையினுடையது: மிதிபட்ட புல், நசுங்கிய பூச்சி, கிளறிய மண். உழுத காட்டில் நடந்து பார்த்தால் இரண்டாவது வாடை நமக்கே கொஞ்சம் தெரியும். கொன்ராட் மோஸ்ட் என்ற ஜெர்மானியப் போலீஸ் நாய்ப் பயிற்சியாளர் நூறாண்டுகளுக்கு முன்பே இதைச் சோதித்தார். மனிதக் கால் படாமல் சக்கரக் கருவியால் தரையை மிதித்த தடத்தையும் நாய்கள் பின்தொடர்ந்தன. அதாவது பல நாய்கள் ஆளை அல்ல, மிதிபட்ட தரையைத்தான் மோந்துகொண்டு போயின. அன்றைக்கு "என் நாய் குற்றவாளியின் வாடையை நூறு பேரில் பிரித்தெடுக்கும்" என்று மார்தட்டியவர்களுக்கு இது பிடித்திருக்காது.

ஆனால் ஆளைப் பிரித்தறியப் பழக்க முடியும். அது தனிப் பயிற்சி. ஆளின் பொருளை மோக்கக் கொடுத்து, அந்த ஒரு வாடையை மட்டும் பிடிக்க வைப்பது. தரைத்தடம் பிடிக்கும் நாய் மூக்கை மண்ணில் ஒட்டியபடி அடிக்கு அடி போகும். ஆள்வாடை பிடிக்கும் நாய் தலையைக் கொஞ்சம் தூக்கி, காற்று ஒதுக்கிய பக்கமாக, தடத்துக்குச் சில அடி தள்ளியே ஓடும். பேரிடர் மீட்பு நாய் மூன்றாவது வகை. அதற்குத் தடமே வேண்டாம். காற்றில் எந்த மனித வாடை வந்தாலும் அதன் மூலத்தைத் தேடிப் போகும். மூன்றையும் "மோப்ப நாய்" என்ற ஒரே பெயரில் அழைத்துவிட்டு, ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் எதிர்பார்க்கிறோம்.

மழை: லேசான தூறல் நல்லது, ஈரம் வாடையைப் பிடித்து வைக்கும். அடித்துப் பெய்தால் கழுவிக்கொண்டு போகும். சித்திரை வெயிலில் காய்ந்த தார்ச்சாலைதான் எல்லாவற்றிலும் மோசம்.

25 ஜூன்

மேலே விட்டுப்போனது. தடம் எந்தத் திசையில் போகிறது என்று நாய்க்கு எப்படித் தெரிகிறது என்பதை பெல்ஃபாஸ்டில் சோதித்து 2005-ல் வெளியிட்டார்கள். ஐந்து காலடிகள் கிடைத்தால் போதும், ஆள் வந்த பக்கம் எது, போன பக்கம் எது என்று நல்ல நாய் சொல்லிவிடுகிறது. அடுத்தடுத்த இரண்டு அடிகளுக்கு இடையில் இருக்கும் கால வித்தியாசம் ஒரு நொடிக்குள்தான். அந்த அளவு புதுசு பழசு அதற்குத் தெரிகிறது. எனக்குச் சாம்பார் நேற்றையதா இன்றையதா என்பதே சில நாள் சந்தேகம்.

27 ஜூன்

பயிற்சி எப்படி என்று பலர் கேட்கிறார்கள். நான் செய்வதை எழுதுகிறேன். வேறு முறைகளும் உண்டு, சண்டைக்கு வராதீர்கள்.

விடியற்காலை, உழுது ஆறிய நிலம், லேசாகப் பனி இறங்கிய மண். நாயைக் கொட்டகையில் கட்டிவிட்டு நான் தனியாகப் போய்க் கொஞ்ச தூரம் நேர்க்கோட்டில், அடி மேல் அடி வைத்து, குதிகால் அழுந்த நடப்பேன். ஒவ்வொரு காலடிக் குழியிலும் வேகவைத்த கோழி ஈரல், மொச்சைக் கொட்டை அளவில் ஒரு துண்டு. காற்று முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். எதிரிலிருந்து வந்தால் ஈரல் வாடை காற்றிலேயே வந்துவிடும், நாய் தலையைத் தூக்கிக்கொண்டு நேரே கடைசித் துண்டுக்கு ஓடிவிடும். முதுகுக் காற்றில்தான் மூக்கு மண்ணுக்கு இறங்கும்.

பிறகு மார்புப் பட்டையை மாட்டி, நீளக் கயிற்றை முதுகு வளையத்தில் கோத்து, தடத்தின் தலையில் நிறுத்துவேன். இந்தப் பட்டையை வேறு எதற்கும் போடுவதில்லை. மாட்டினால் வேலை, கழற்றினால் விளையாட்டு. பூரணி இப்போதெல்லாம் பட்டையின் கொக்கிச் சத்தம் கேட்டாலே எச்சில் வடிக்கிறாள்.

நாள் போகப் போக ஈரலைக் குறைத்து, மூன்று அடிக்கு ஒன்று, பத்து அடிக்கு ஒன்று என்று போய், கடைசியில் தடத்தின் முடிவில் மட்டும் வைப்பேன். அடுத்து வளைவு, பிறகு செங்கோணத் திருப்பம். தடத்தைப் போட்டு அரை மணி நேரம், ஒரு மணி நேரம் ஆற விடுவது. நடுவே வேறொருவரைக் குறுக்கே நடக்க வைப்பது. வரப்பு, வாய்க்கால், மாட்டுத்தடம். அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டினால் அந்த ஓட்டை பின்னால் எங்கோ ஒரு நாள் வாயைத் திறக்கும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது திருப்பம்தான். தடம் வலப்பக்கம் திரும்பியிருக்கும். நாய் வந்த வேகத்தில் சில அடி தாண்டிப் போகும். முதலில் மாறுவது வால்: ஒரே சீராக ஆடிக்கொண்டிருந்தது சட்டென்று மேலேறி விறைக்கும். பிறகு தலை உயரும். கையில் இருக்கும் கயிறு தொய்யும். நாய் இப்படியும் அப்படியும் ஒரு அரைவட்டம் போடும். ஒரு இடத்தில் "ஃபுஸ்" என்று மூக்கைச் சீறித் துடைத்துக்கொள்ளும். மூக்கு மறுபடி மண்ணில் விழும், கயிறு திடுமென்று விறைக்கும். அந்தச் சில நொடிகளும் கையாளுபவர் மரம் மாதிரி நிற்க வேண்டும். கயிற்றை இழுக்கக் கூடாது, "தேடு தேடு" என்று தொண்டை கிழியக் கத்தக் கூடாது, முக்கியமாக, தடம் எங்கே போகிறது என்று தெரிந்திருந்தால் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது. ஐயா பின்னாலிருந்து சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, வாயையும் கயிற்றையும் சும்மா விடு."

28 ஜூன்

ஈரல் கொடுத்துப் பழக்கினால் நாய் லஞ்சத்துக்கு வேலை செய்யும் என்கிறார் ஒருவர். நீங்கள் சம்பளம் வாங்காமலா போகிறீர்கள்?

2 ஜூலை

காற்று பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு முடியாது. எங்கள் பக்கம் ஆனி, ஆடி என்றால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று இரவும் பகலும் ஓயாது. தென்னை மட்டைகள் எல்லாம் ஒரே பக்கம் சீவிவிட்டது போல் கிடக்கும். போன வாரம் சோளத்தட்டு அறுத்த காட்டில் தெற்கு வடக்காக ஒருவரை நடக்க வைத்தோம். செவலை அவர் நடந்த கோட்டில் போகவே இல்லை. அதற்குக் கிழக்கே பல அடி தள்ளி, கோட்டுக்கு இணையாக ஓடினான். வேடிக்கை பார்த்த பையன்கள் சிரித்தார்கள். கடைசியில் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்திருந்தவரை நேராகப் போய்ப் பிடித்தான். தோல் துகளைக் காற்று எங்கே கொண்டுபோய்ப் போட்டதோ, நாய்க்குத் தடம் அங்கேதான்.

காற்றில் வரும் வாடையைத் தண்ணீராக நினைத்துக்கொள்ளுங்கள், பாதி விளங்கிவிடும். பள்ளத்தில் தேங்கும், வேலியில் மோதிச் சுழலும், ஓடையில் இறங்கி ஓடும். மலையடிவாரத்தில் பகலில் வெயில் ஏறும்போது காற்று சரிவில் மேலே ஏறுகிறது. அந்தி சாய்ந்தால் குளிர்ந்து கீழே வழிகிறது. வெள்ளியங்கிரிப் பக்கம் யாராவது வழி தவறினால், காலையில் மேலே நின்று தேடும் நாய்க்குக் கிடைக்கிற வாடை, இரவில் அடிவாரத்தில் நிற்கும் நாய்க்குக் கிடைக்கும். தேடுதல் குழுவின் தலைவருக்கு வரைபடத்தோடு இதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

நாயின் மூக்கைப் பற்றியும் இங்கேயே. வாடை உணரும் அணுக்கள் மனிதனுக்கு 50, 60 லட்சம் என்றால், நல்ல மோப்ப நாய்க்கு 30 கோடி வரை சொல்கிறார்கள். எண்ணிக்கையைவிட அமைப்புதான் அருமை. வெளிவிடும் மூச்சு மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியாகப் போவதால், முன்னால் இருக்கும் வாடை கலைவதில்லை. நொடிக்கு ஐந்து முறை வரை மோக்கும். ஆனால் வெயிலில் வாயைத் திறந்து இளைக்கத் தொடங்கினால் மோப்பம் படுத்துவிடும். இளைப்பதும் மோப்பதும் ஒரே நேரத்தில் சரியாக நடக்காது. மதியம் ஒரு மணிக்கு நாயைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு "பிடிக்கவில்லையே" என்று சலித்துக்கொள்பவர்கள் இதைப் படிக்கட்டும்.

5 ஜூலை

இப்போது கசப்பான பகுதி. திருச்சி நண்பரின் சந்தேகத்தில் நியாயம் இருக்கிற இடம் இது.

கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் லிசா லிட் என்பவரும் குழுவினரும் செய்த சோதனை, 2011-ல் வெளியானது. போதைப்பொருளும் வெடிமருந்தும் கண்டுபிடிக்கப் பயிற்சி பெற்ற 18 நாய்கள், அவற்றின் கையாளுபவர்களோடு. ஒரு தேவாலயத்தின் அறைகளைத் தேட வேண்டும். சிவப்புக் காகிதம் ஒட்டிய இடத்தில் பொருள் இருக்கும் என்று கையாளுபவர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் எந்த அறையிலும் போதைப்பொருளோ வெடிமருந்தோ இல்லை. அப்படிப்பட்ட அறைகளில் 225 முறை "இங்கே இருக்கிறது" என்று அறிவிப்பு வந்தது. நாயை ஈர்க்க மறைத்து வைத்த பண்டத்தைவிட, மனிதன் நம்பிய காகிதம்தான் அதிகம் வேலை செய்தது.

நாய் பொய் சொல்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. மனிதன் சற்றே நிற்கிறான், மூச்சைப் பிடிக்கிறான், கயிறு கொஞ்சம் இறுகுகிறது. ஆயிரம் தலைமுறையாக நம் முகத்தைப் படித்துப் பிழைத்த பிராணிக்கு அது போதும். பெர்லினில் கணக்குப் போட்ட ஹான்ஸ் என்ற குதிரையின் கதையும் இதுதான். கேள்வி கேட்டவரின் தலை அசைவைப் பார்த்துத்தான் அது குளம்பைத் தட்டுவதை நிறுத்தியது என்று 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் காட்டினார்.

அதனால் ஐயா வைத்திருக்கும் விதி: ஓரளவு தேறிய நாய்க்கு, தடம் போட்டவர் கையாளுபவரிடம் எதுவும் சொல்லக் கூடாது. கூட நடப்பவருக்கும் தெரியக் கூடாது. சில நாட்களில் ஆளே ஒளியாத இடத்தில் தேடச் சொல்வார். "இங்கே யாரும் இல்லை" என்று நாய் சொல்வதையும், நாம் அதை நம்புவதையும் பழக வேண்டுமே. எனக்கு இதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. காலி இடத்தில் தேடிவிட்டுத் திரும்பி வந்து உட்காரும் நாயை "இன்னொரு தடவை பார்" என்று அனுப்பக் கை துறுதுறுக்கும். இரண்டாம் முறை அனுப்பினால், எனக்காக அது எதையாவது "கண்டுபிடித்து" விடும்.

நீதிமன்றம் இதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறது. மோப்ப நாய் காட்டியது என்பதற்காக மட்டும் யாரையும் தண்டிப்பதில்லை. 2001-ல் உச்ச நீதிமன்றம் ஆந்திர வழக்கு ஒன்றில், நாய் மோப்பச் சான்றுக்குக் குற்றவியல் நீதிமன்றங்கள் அதிகம் முக்கியத்துவம் தர வேண்டியதில்லை என்றும், புலனாய்வுக்கு நாயைப் பயன்படுத்துவதைத் தடுக்கவில்லை என்றும் சொன்னது. எனக்குச் சரியாகவே படுகிறது. நாயைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

9 ஜூலை

விருதுநகர் வாசகர் பொரிந்து தள்ளியிருக்கிறார்: "நம்மிடம் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் கோம்பையும் இருக்கும்போது வெள்ளைக்காரன் நாய் எதற்கு?" அய்யா, சிப்பிப்பாறையை முயல் வேட்டைக்கு வளர்த்தார்கள். நீண்ட கால், கூர்ந்த முகம், கண்ணால் பார்த்து விரட்டும் நாய். மூக்கு இல்லாமல் இல்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தலையைத் தூக்கித் தொலைவைப் பார்க்கிறதைத்தான் தேர்ந்தெடுத்து வளர்த்தோம். அதை மண்ணைப் பார்த்து ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னால் அதற்கு அலுத்துவிடும். நடுவில் முயல் ஒன்று ஓடிவிட்டால் உங்கள் திருடனை யார் தேடுவது?

முடியவே முடியாது என்றும் சொல்ல மாட்டேன். அதே வகையைச் சேர்ந்த கர்நாடகத்து முதோள் நாயை 2016-ல் ராணுவம் மீரட்டில் இருக்கும் தன் நாய்ப் பயிற்சி மையத்துக்குக் கொண்டுபோய்ப் பழக்கத் தொடங்கியது. வெயில் தாங்குவது, நோய் தாங்குவது என்று நாட்டு நாய்க்குச் சாதகங்கள் நிறைய. செவலையைப் பார்க்கிறேனே: மாலை வெயிலில் பூரணி நாக்கைத் தொங்கவிட்டு நிழலைத் தேடும்போது அவன் அசராமல் போகிறான். ஆனால் வழியில் பெருச்சாளி வளை தென்பட்டால் அன்றைய வேலை அங்கேயே முடிந்தது. லாப்ரடாரின் திறமை பாதி மூக்கில், பாதி வயிற்றில். தீனிக்காக அது எந்தச் சலிப்பையும் பொறுத்துக்கொள்ளும். பயிற்சி மையங்கள் அதைத் தேடிப் போவது வெள்ளைக்கார மோகத்தால் மட்டும் அல்ல.

10 ஜூலை

இல்லை, பொமரேனியன் பற்றி எனக்குக் கருத்து இல்லை.

19 ஜூலை

இரண்டு நாளாக ஆடிக் காற்று, தோட்டத்தில் வாழை சாய்ந்து கிடக்கிறது. நாய் வேலை நின்றுபோயிற்று. அதனால் "உண்மையில் கண்டுபிடித்திருக்கின்றனவா" என்ற முதல் கேள்விக்கு உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

6 பிப்ரவரி 2023, துருக்கி நிலநடுக்கம். நம் தேசியப் பேரிடர் மீட்புப் படை அங்கே போனபோது லாப்ரடார்களையும் அழைத்துப் போனது. அவற்றில் ஜூலி என்ற நாய், நுர்தாகி என்ற ஊரில் இடிந்த கட்டடக் குவியல் ஒன்றுக்குள் போய்க் குரைத்தது. உடனே தோண்டிவிடவில்லை. ரோமியோ என்ற இன்னொரு நாயை அதே இடத்துக்கு விட்டார்கள். அதுவும் குரைத்தது. பிறகுதான் தோண்டினார்கள். ஆறு வயதுச் சிறுமி உயிரோடு மீட்கப்பட்டாள். மேலே 5 ஜூலையில் எழுதியதற்கு மருந்து இந்த இரண்டாவது நாய்தான். ஒரு நாய், ஒரு மனிதன் என்ற ஜோடியின் பிழையை இன்னொரு ஜோடி பிடித்துவிடும். மணிக்கணக்கில் ஆள்பலத்தை ஒரு குவியலில் இறக்குவதற்கு முன் அந்த உறுதி வேண்டும்.

இடிபாட்டு வேலை தோட்டத்தில் தடம் பிடிப்பது போல் இல்லை. கயிறு கிடையாது, மாட்டிக்கொள்ளும். பட்டைகூட இல்லாமல் விடுவார்கள். ஆடும் பலகை, ஏணி, குழாய், சத்தம், புகை எல்லாவற்றுக்கும் குட்டியிலிருந்தே பழக வேண்டும். கண்டால் தோண்டவோ கவ்வவோ கூடாது, அங்கேயே நின்று குரைக்க வேண்டும். வாடை விரிசல்கள் வழியாக வளைந்து வருவதால், அது வெளியே வரும் ஓட்டை ஒரு இடம், ஆள் கிடப்பது வேறு இடம். நாய் நின்ற இடத்தின் நேர் கீழே தோண்டுவது எப்போதும் சரியாக இருக்காது. எங்கள் ஊருக்கு அருகில் இல்லை என்றாலும், அரக்கோணத்தில் இந்தப் படையின் 4-வது பட்டாலியன் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

இறந்தவர்களைத் தேடுவது இன்னொரு பயிற்சி. 30 ஜூலை 2024 அதிகாலை வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போனபோது, கேரளப் போலீஸின் மாயா, மர்ஃபி என்ற பெல்ஜிய மாலினுவா நாய்கள் அந்த வேலையைச் செய்தன. ஈரச் சேறு வாடையை மூடி அடைத்துக்கொள்ளும். இரும்புக் கம்பியைச் சேற்றில் குத்தி எடுத்துத் துளை விட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து நாயை விடுவது உண்டு. ஊற்று நீர் வாடையைச் சரிவில் கீழே கொண்டுபோகும் என்பதால், நாய் நின்ற இடத்திலிருந்து மேல்பக்கமாகவும் பார்க்க வேண்டும்.

பெட்டிமுடியைச் சொல்லாமல் விட முடியவில்லை. 6 ஆகஸ்ட் 2020 இரவு, மூணாறுக்கு மேலே தேயிலைத் தொழிலாளர்களின் லயன்கள் என்ற வரிசை வீடுகள்மீது மலை சரிந்து 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழர்கள், பலருக்குப் பூர்வீகம் கயத்தாறுப் பக்கம். அங்கே குவி என்ற வளர்ப்பு நாய், ஒரு நாள் பயிற்சியும் இல்லாதது, தன் வீட்டு இரண்டு வயதுக் குழந்தையைத் தேடித் திரிந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு ஆற்றோரம் அது நின்ற இடத்தில் பார்த்தார்கள். குழந்தையின் உடல் அங்கே இருந்தது. பயிற்சி மூக்கைத் தருவதில்லை. எந்த வாடையைத் தேடுவது, கண்டால் எப்படிச் சொல்வது என்ற ஒப்பந்தத்தைத்தான் தருகிறது. குவிக்கு அந்த ஒப்பந்தம் வீட்டிலேயே இருந்தது.

20 ஜூலை

கழுத்தில் சாராயப் பீப்பாய் கட்டிய ஆல்ப்ஸ் நாயைப் பற்றிக் கேட்டவருக்கு: பாரி என்ற செயின்ட் பெர்னார்ட் நாய் உண்மை. 1800-ல் பிறந்தது, நாற்பது பேரைக் காப்பாற்றியதாகச் சொல்வார்கள், பதப்படுத்திய உடல் பெர்ன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பீப்பாய் மட்டும் பிற்காலத்தில் ஓர் ஆங்கில ஓவியர் வரைந்து மாட்டியது. பனியில் விறைத்துக் கிடப்பவனுக்குச் சாராயம் கொடுத்தால் உடல் சூடு இன்னும் இறங்கும். இங்கே யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

26 ஜூலை

22 ஜூன் பதிலோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ரோட்டில் நின்றால் திருடன் வண்டி ஏறிவிட்டான் என்று எழுதினேன். பல நேரம் அது சரிதான். ஆனால் நேற்று ஐயாவும் நானும் சிறுவாணி ரோட்டோரம் ஒரு தடத்தை முடிக்கும்போது, பூரணியைப் பார்க்காமல் என் கையைப் பார்க்கச் சொன்னார். ரோடு கண்ணில் பட்டதும் கயிற்றை என் கை தானாகச் சுருட்டிக் குறுக்கிக்கொண்டது. லாரி வருமே! பயம் நியாயமானதுதான். ஆனால் ஒவ்வொரு ரோட்டிலும் கயிறு இறுகினால், தார்ச்சாலை என்றால் நிற்க வேண்டும் என்று நாய் கற்றுக்கொள்ளும். அப்போது நின்றது நாயா, நானா? செய்தித்தாளில் வரும் அத்தனை மெயின் ரோடுகளிலும் எத்தனையில் திருடன் வண்டி ஏறினான், எத்தனையில் கயிறு இறுகியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதற்கு ஐயா சொல்லும் வழி: தடம் போடும்போதே வேண்டுமென்றே ரோட்டைத் தாண்டிப் போடுவது, இருபுறமும் ஆள் நிறுத்தி வண்டிகளை மறித்துக்கொண்டு, கயிறு தொய்வாகவே இருக்க நாயைக் கடக்க விடுவது. ஓடும் வண்டிகளின் காற்று வாடையை ஓரப் புல்லில் ஒதுக்கிவிடும் என்பதால், நாய் நடு ரோட்டை விட்டு ஓரத்துக்குப் போய்த் துழாவும். அதை "கவனம் சிதறுகிறது" என்று இழுத்துவிடக் கூடாது.

27 ஜூலை

நாயின் மூக்குக்குக் கையாளுபவரின் கண்ணும் துணையாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு சேதி. 2017-ல் புளோரிடா சதுப்பில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்கத் தமிழ்நாட்டு இருளர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் அழைத்துப் போனார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 பாம்பு. தரையில் வழுக்கிய அடையாளம், எச்சம், புல் சாய்ந்த விதம் எல்லாம் அவர்களுக்கு எழுத்து. 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. நாய் குழம்பி நிற்கும்போது ஈர மண்ணில் செருப்புத் தடம் இருக்கிறதா என்று குனிந்து பார்க்காத கையாளுபவர்கள் இவர்களிடம் பாடம் கேட்கலாம்.

3 ஆகஸ்ட்

திருப்பூரில் அடுக்குமாடியில் இருப்பவருக்கு: இரண்டு வயது நாயைத் தாராளமாகப் பழக்கலாம். காடு வேண்டாம், பக்கத்து மைதானம் போதும். முதல் பாடம் ஓடி ஒளிவது. நாயை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிடித்த ஒருவர் பந்தைக் காட்டிவிட்டு ஓடி, அதன் கண் முன்னாலேயே மரத்துக்குப் பின்னால் மறையட்டும். விடுங்கள். கண்டதும் அவர் குதூகலமாகப் பந்தைக் கொடுத்து விளையாட வேண்டும். அடுத்தடுத்த நாட்களில் மறையும் இடத்தைப் பார்க்க விடாதீர்கள். அவர் விட்டுப்போன கைக்குட்டையை மட்டும் மோக்கக் கொடுங்கள். அதை இடுக்கியால் எடுத்துச் சுத்தமான பையில் போட்டு வைத்திருக்க வேண்டும், உங்கள் கை படக் கூடாது. தினமும் பத்து நிமிடம் போதும். நாய் "இன்னும் வேண்டும்" என்று நிற்கும்போதே நிறுத்திவிடுங்கள். வாரக்கணக்கில் எதுவும் கிடைக்காமல் தேடினால் நாய்க்கு மனம் விட்டுவிடும். 2001-ல் நியூயார்க் இடிபாடுகளில் வேலை செய்த நாய்களுக்கு உயிரோடு யாரும் கிடைக்காததால், மீட்புக் குழுவினரே போய் ஒளிந்துகொண்டு அவற்றைக் கண்டுபிடிக்க வைத்தார்கள்.

ஒளிய ஆள் கிடைப்பதுதான் பெரிய பாடு. எங்கள் ஊரில் பள்ளி விடுமுறைகளில் பையன்கள் வரிசையில் நிற்பார்கள், தேர்வுக் காலத்தில் ஒருவரும் வர மாட்டார்கள். அப்போது என் மனைவி வேலியோரம் போய் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள், நாய் வந்து கண்டுபிடிக்கும் வரை.

4 ஆகஸ்ட்

கயிறு எங்கே வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். வளர்ப்புப் பிராணிக் கடை நைலான் வேண்டாம், நாய் பாய்ந்தால் உள்ளங்கை உரிந்துவிடும். மாட்டுக் கயிறு விற்கும் கடையில் முறுக்குக் குறைந்த பருத்திக் கயிறு முப்பது அடி கேளுங்கள். முடிச்சுப் போடாமல் நுனியை நூலால் கட்டித் தரச் சொல்லுங்கள், முடிச்சு புதரில் மாட்டும். நனைந்தால் கனக்கும், நிழலில் காய வையுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று ஐயா சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன்.